இதயத்தில் சின்ன ஓட்டை, அடைத்துவிடலாம் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தறிச்சத்தம் | அம்மாபேட்டை

வணக்கம். எனக்கு 43 வயது, அம்மாபேட்டையில் எட்டுத் தறி வைத்து ஓட்டுகிறேன். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் நூல் விஷயமாக சூரத் போய்விட்டு, ரயிலில் படுக்க இடம் கிடைக்காமல் உட்கார்ந்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன். வந்த நாலாம் நாள் காலையில் பாவு பீமை (நூல் சுற்றிய கனமான உருளை) தூக்கித் தறியில் ஏற்றும்போது வலது கை மரத்துப் போனது, மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் வார்த்தை குழறுகிறது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்று விட்டுவிடப் பார்த்தேன், மச்சான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எம்ஆர்ஐயில் மூளையின் இடப்பக்கம் சின்னதாக ஒரு ஸ்ட்ரோக் என்று வந்தது. கழுத்து ரத்தக்குழாய் சுத்தம், இதயத்துடிப்பைப் பதிய ஒரு நாள் முழுக்க மாட்டிவிட்ட ஹோல்டர் கருவியும் சுத்தம். கடைசியில் குமிழி டெஸ்ட் என்று ஒன்று (நுரைத்த உப்புத் தண்ணீரைக் கை நரம்பில் ஏற்றி, குமிழி இதயத்தில் இடப்பக்கம் தாண்டுகிறதா என்று பார்ப்பது) எடுத்து, இதயத்தில் ஓட்டை இருக்கிறது, பி.எஃப்.ஓ. என்றார்கள்.

ஒரு டாக்டர் டிவைஸ் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஆஸ்பிரின் போதும், இதையெல்லாம் தொட வேண்டாம் என்கிறார். என் அம்மா நெஞ்சில் கை வைக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். செலவோ லட்சக்கணக்கில். இந்த வட்டாரத்தில் யாராவது செய்துகொண்டிருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

நாலுரோட்டுக்காரன் | சேலம்

அண்ணா, அவசரப்படாதீர்கள். இப்போதெல்லாம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் எதையாவது கண்டுபிடித்து உடனே கேத் லேப்புக்குள் (குழாய் விட்டு இதய சிகிச்சை செய்யும் அறை) தள்ளிவிடுகிறார்கள். எனக்கும் இதே பி.எஃப்.ஓ.தான், அடைக்கச் சொன்னார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வருஷமாகிறது, ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறி இறங்குகிறேன்.

செவ்வந்தி | கொண்டலாம்பட்டி

என் மகளுக்கு நாலு வயது. அங்கன்வாடிக்கு வந்த பள்ளிச் சிறார் மருத்துவக் குழு நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுச் சத்தம் வருகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். எக்கோவில் ஓட்டை என்று வந்ததும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. அப்புறம் குழந்தை இதய டாக்டர் பார்த்துவிட்டு, இது தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஒன்றும் செய்ய வேண்டாம், வருஷம் ஒருமுறை காட்டினால் போதும் என்றார். உங்களுடையதும் தானாக மூடிக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள் அண்ணா.

எக்கோமேசை | அஸ்தம்பட்டி

26 வருடம் எக்கோ அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "ஓட்டை" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இங்கே வெவ்வேறு சங்கதிகளைக் கலந்து பேசுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் வலது மேலறை ரத்தம் நேராக இடது மேலறைக்குப் போக நடுச்சுவரில் ஒரு வழி உண்டு. பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் இடப்பக்க அழுத்தம் கூடி, அங்கே இருக்கும் மெல்லிய மடல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாது. சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் மட்டும் போட்டிருக்காது. இருமும்போது, முக்கும்போது, பாரம் தூக்கும்போது வலப்பக்க அழுத்தம் ஒரு கணம் ஏறும், கதவு லேசாகத் திறந்து மூடும். இதுதான் பி.எஃப்.ஓ. நம் தறிச்சத்தத்துக்கு இருப்பது இது. இதைப் பிறவி நோய் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

ஏ.எஸ்.டி. வேறு. அதே சுவர்தான், ஆனால் அங்கே கல்லே பெயர்ந்திருக்கும், கதவெல்லாம் கிடையாது. இடப்பக்கத்து ரத்தம் ராப்பகலாக வலப்பக்கம் கசிந்து, ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய் வந்த ரத்தமே மறுபடி நுரையீரலுக்குப் போகும். வலப்பக்க அறைகள் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்கித் தாங்கி வீங்கும். பல பேருக்கு முப்பது நாற்பது வயது வரை ஒன்றுமே தெரியாது.

செவ்வந்தி அக்கா மகளுக்கு இருப்பது வி.எஸ்.டி.யாக இருக்கும், அது கீழறைச் சுவரில். தசைப் பகுதியில் இருக்கும் சின்ன வி.எஸ்.டி. குழந்தை வளர வளரத் தானாக அடைந்துகொள்வது சகஜம். சத்தம் பலமாகக் கேட்டது என்று பயந்திருப்பீர்கள். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், இடுக்கு சின்னதாகச் சின்னதாகச் சீறல் கூடும். இதிலும் அப்படித்தான். பல் சொத்தை மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து அந்த இடத்தில் போய் உட்காரலாம்.

43 வயதில் பி.எஃப்.ஓ. தானாக மூடும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. அதை அடைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. தறிச்சத்தம் தம்பி, ஒன்று கேட்கிறேன். சூரத்திலிருந்து வந்தபிறகு கால் ஏதாவது வீங்கியதா, கெண்டைக்காலில் வலி இருந்ததா?

தறிச்சத்தம்

அண்ணா, எப்படிக் கேட்டீர்கள்? இடது கெண்டைக்கால் இரண்டு நாள் கல்லு மாதிரி இருந்தது. ரயிலில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைக்கும் பேச்சுக்கும் வந்த வியாதியில் காலைப் பற்றி யார் சொல்லுவார்கள்?

எக்கோமேசை

அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மணிக்கணக்கில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. சாதாரணமாக அப்படி உறைந்த கட்டி கிளம்பி வந்தால் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குத்தான் போகும், அதுவும் ஆபத்துதான், ஆனால் மூளைக்குப் போகாது. நீங்கள் தம் பிடித்து பீமைத் தூக்கிய அந்த நொடியில் கதவு திறந்து, துணுக்கு இடப்பக்கம் தாண்டி, அங்கிருந்து மூளைக்கு ஏறியிருக்கலாம். நான் இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நாளைக்கே உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கால் கதையைச் சொல்லுங்கள்.

காப்பித்தோட்டம் | நாகலூர், ஏற்காடு

நான் ஏ.எஸ்.டி. அடைத்துக்கொண்டவள், மூன்று வருஷம் ஆகிறது. அண்ணனுக்கு இருப்பது வேறு என்று மேலே பெரியவர் சொல்லிவிட்டார், இருந்தாலும் அடைக்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் பேர் பிடித்துக் கணக்கு எழுதும் வேலை எனக்கு. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். பனி, குளிர், வீசிங் என்று சொல்லி இரண்டு வருஷம் இன்ஹேலர் இழுத்தேன். பழம் பறிக்கும் சீசனில் ஒரு நாள் சரிவில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன், கூட வந்த பாட்டி (அறுபது தாண்டியவர்) என்னைத் தாண்டி மூட்டையோடு ஏறிப் போகிறார். கீழே சேலத்தில் ஒரு வயதான டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார், "இரண்டாவது சத்தம் இரண்டாகப் பிளந்து கேட்கிறதும்மா, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் மாறவில்லை" என்றார். மெஷின் எதுவும் இல்லாமல் அந்தக் காதிலேயே கண்டுபிடித்தார். எக்கோவில் 22 மில்லிமீட்டர் ஓட்டை, வலப்பக்க அறை வீங்கியிருந்தது. அதைத்தான் ரிப்போர்ட் கொடுத்தவர் "சின்ன ஓட்டைதான்" என்று ஆறுதல் சொன்னார்!

அதனால் அளவைக் கேட்டு நிம்மதி அடையவோ பயப்படவோ வேண்டாம். வலப்பக்கம் வீங்கியிருக்கிறதா, நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, இந்த இரண்டையும் கேளுங்கள். அழுத்தம் ரொம்ப ஏறி, ரத்தம் திசை மாறி, உதடு நகம் நீலமாக ஆகிவிட்டால் அதற்கப்புறம் ஓட்டையை அடைக்கவே கூடாதாம், அடைத்தால் உயிருக்கே ஆபத்து. "தொந்தரவு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எங்கள் வீட்டில் சொன்னதற்கு டாக்டர் கோபப்பட்டது இதனால்தான்.

அடைப்பதற்கு முன் தொண்டை வழியாக ஒரு எக்கோ எடுப்பார்கள். ஸ்ப்ரே அடித்ததும் கசப்பு, நாக்கு யாருடையதோ மாதிரி ஆகிவிடும், குழாயை விழுங்கச் சொல்வார்கள். மொத்தத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி அது ஒன்றுதான். ஓட்டையைச் சுற்றி டிவைஸ் பிடித்து நிற்க 5 மில்லிமீட்டராவது விளிம்பு வேண்டும், அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. விளிம்பு போதவில்லை என்றாலோ, ஓட்டை சுவரின் நடுவில் இல்லாமல் மேலோரத்திலோ கீழோரத்திலோ இருந்தாலோ பொதுவாக ஆப்பரேஷன்தான்.

எக்கோமேசை

சரியாகச் சொன்னீர்கள். ஆப்பரேஷன் என்றதும் யாரும் மிரள வேண்டாம், இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து உலகத்தில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்த திறந்த இதய அறுவையே ஏ.எஸ்.டி. அடைப்புதான். 1953 மே 6, அமெரிக்காவில் ஜான் கிப்பன் செய்தது, நோயாளி 18 வயதுப் பெண். இன்றைக்கு அது ரொம்பப் பழகிய வேலை.

கொலுசுப்பட்டறை | செவ்வாய்ப்பேட்டை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கும் ஏ.எஸ்.டி. டிவைஸ்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டினார்கள். நான் கம்பி வேலை பார்ப்பவன், அசந்துவிட்டேன். மயிர் போன்ற கம்பியைப் பின்னி இரண்டு தட்டு, நடுவில் ஒடுக்கமான ஓர் இடுப்பு, உள்ளே துணி. இழுத்தால் நூல் மாதிரி நீண்டு குழாய்க்குள் போகிறது, விட்டால் டப்பென்று பழைய வடிவத்துக்கு வருகிறது. என்ன உலோகம் என்று கேட்டால் நிக்கலும் டைட்டானியமும் என்றார்கள். இங்கேதான் சந்தேகம். தம்பிக்குக் கவரிங் செயின் போட்டால் கழுத்து சிவந்து தடித்துவிடும், பெல்ட் பக்கிள் பட்ட இடத்தில் அரிப்பு. நிக்கல் ஒவ்வாமை என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே வைத்தால் என்ன ஆகும்?

எக்கோமேசை

நல்ல கேள்வி, பாதிப் பேர் இதைக் கேட்கவே மாட்டார்கள். இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தோலில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ள பெரும்பாலானவர்களுக்கு இந்த டிவைஸால் பிரச்சினை வருவதில்லை, ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு நெஞ்சுவலி, படபடப்பு, தலைவலி என்று வந்து வெளியே எடுத்ததும் உண்டு. ஒவ்வாமை கடுமையாக இருந்தால் தையல் போட்டு மூடும் ஆப்பரேஷன் வழி இருக்கவே இருக்கிறது. சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் தப்பு.

மூலிகைநேசன் | ஆத்தூர்

மருதம்பட்டையைக் கஷாயம் வைத்து ஒரு மண்டலம் குடித்தால் ஓட்டை மூடிவிடும். எங்கள் தாத்தா காலத்து முறை.

எக்கோமேசை

ஐயா, மருதம்பட்டை மேல் எனக்கும் மரியாதை உண்டு, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அது சுவரில் இல்லாத சதையை முளைக்க வைக்காது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் எந்தக் கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், ரத்தப்போக்கு விஷயம்.

நாலுரோட்டுக்காரன்

சரி, எல்லோரும் அடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போனேன், ஆபர் போட்டிருந்தார்கள். எந்தத் தொந்தரவும் இல்லை. எக்கோவில் பி.எஃப்.ஓ. இருக்கலாம் என்று சொல்லி, "ஸ்ட்ரோக் வந்த பிறகு வருத்தப்படாதீர்கள்" என்று அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் காட்டினேன், அந்த டாக்டர் சிரித்துவிட்டு, "ஊரில் நாலு பேரில் ஒருவருக்கு இருக்கிறது, அத்தனை பேருக்கும் பட்டன் தைக்கவா முடியும், போய் வேலையைப் பாருங்கள்" என்றார். நான் சொன்னது தப்பா?

எக்கோமேசை

உங்கள் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. ஸ்ட்ரோக்கே வராத ஆளுக்குத் தற்செயலாகத் தெரிந்த பி.எஃப்.ஓ.வை முன்னெச்சரிக்கையாக அடைப்பது வழக்கம் இல்லை. ஆனால் உங்கள் கதையைத் தறிச்சத்தத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அவருக்கு எம்ஆர்ஐயில் தழும்பு இருக்கிறது.

இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்று குழம்பினாரே, அதற்குக் காரணம் உண்டு. 2012, 2013 வாக்கில் வந்த முதல் ஆய்வுகளில் பி.எஃப்.ஓ. அடைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காலத்து நினைப்பு இன்னும் பல பேரிடம் இருக்கிறது, அதில் நியாயமும் இருந்தது. 2017 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மூன்று ஆய்வுகள் ஒன்றாக வந்தன, காற்று மாறியது. அதில் பிரான்சில் தலைமை வைத்து நடந்த குளோஸ் என்ற ஆய்வில், அடைத்துக்கொண்ட 238 பேரில் ஒருவருக்குக்கூட மறுபடி ஸ்ட்ரோக் இல்லை, மருந்து மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது, சராசரியாக ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். ஆனால் அவர்கள் பொறுக்கி எடுத்த ஆட்கள் யார் என்று பார்க்க வேண்டும்: அறுபது வயதுக்குள், ஸ்ட்ரோக்குக்கு வேறு காரணம் எதுவும் கிடைக்காதவர்கள், மடல் ரொம்ப ஆடுகிறவர்கள் அல்லது குமிழி நிறையக் கடக்கிறவர்கள். எழுபது வயது சுகர்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து, தேடும்போது பி.எஃப்.ஓ.வும் தெரிந்தால், குற்றவாளி அது இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ரோப் ஸ்கோர் என்று பெயர். வயது குறைவு, சுகர் பிரஷர் சிகரெட் இல்லை என்றால் மார்க் ஏறும், ஏறினால் ஓட்டைதான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும்.

தம்பி, சிகரெட் உண்டா? அதை நீங்கள் எழுதவில்லை.

தறிச்சத்தம்

நாளுக்கு மூன்று. நாலும் ஆகும். மனைவி இங்கே படிப்பதில்லை.

எக்கோமேசை

அப்படியானால் ஒரு மார்க் போச்சு. பட்டன் வைத்தாலும் சிகரெட் செய்யும் வேலையை அது தடுக்காது. இன்றோடு விடுங்கள்.

காப்பித்தோட்டம்

அடைக்கும் நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், கேட்காமலே பயப்படுகிறவர்களுக்காக. நெஞ்சைக் கிழிப்பதில்லை. வலது தொடை இடுக்கில் நரம்பில் ஊசி குத்தி, அதன் வழியாகக் குழாயை இதயத்துக்கு ஏற்றுகிறார்கள். டிவைஸ் அதற்குள் சுருங்கிப் போய், இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு என்று சுவரை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறது. கழற்றிவிடுவதற்கு முன் டாக்டர் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பாராம், அசையாமல் நின்றால்தான் திருகிக் கழற்றுவார். அதுவரை பிடிக்கவில்லை என்றால் வெளியே எடுத்துவிடலாம். எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. அப்புறம் காலை நீட்டி அசையாமல் ராத்திரி வரை படுக்க வேண்டும், முதுகு வலிதான் பெரிசாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் தொடை இடுக்கில் தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். மலை உயரத்தால் ஏதாவது ஆகுமா என்று கேட்டதற்கு, ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம்தானே, ஊரிலேயே இருக்கிறவளுக்கு அது ஒரு உயரமா என்று கிண்டல் செய்தார்கள். முதல் சில வாரம் படபடப்பு அவ்வப்போது வந்தது, தலைவலியும் வந்தது, இரண்டும் தானாகப் போனது. பாரம் தூக்கக் கூடாது என்று ஒரு மாதம். ஆஸ்பிரின் ஆறு மாதம், கூட இன்னொரு மாத்திரை சில மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்கப் போனால் முன்னாடியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டும், பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திட்டம் இருந்தால் ஆறு மாதம் தள்ளிப் போடச் சொன்னார்கள். உள்ளே நம் சதையே வளர்ந்து டிவைஸை மூட அத்தனை மாதம் ஆகுமாம்.

கொலுசுப்பட்டறை

கெடுதல் எதுவும் வராதா அக்கா? நல்லதையே சொல்கிறீர்கள்.

எக்கோமேசை

வரும், அபூர்வமாக. டிவைஸ் இடம் பெயர்ந்து நழுவலாம், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும் முன் மறுபடி எக்கோ எடுக்கிறார்கள். அதன்மேல் ரத்தம் உறையலாம், மாத்திரையை விடாமல் போடச் சொல்வது அதற்குத்தான். பி.எஃப்.ஓ. அடைத்தவர்களில் குளோஸ் ஆய்வில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியது, பெரும்பாலும் முதல் மாதத்துக்குள். ஏ.எஸ்.டி. டிவைஸில் ரொம்ப ரொம்ப அபூர்வமாக விளிம்பு உரசி உரசி இதயச் சுவரையே அரித்துவிடும், சில சமயம் வருஷங்கள் கழித்துக்கூட. டிவைஸ் வைத்தவருக்குத் திடீரென்று நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் காஸ் என்று ஓமத்திரவம் குடித்துக்கொண்டு உட்காராமல் நேராக எமர்ஜென்சிக்குப் போய், "இதயத்தில் டிவைஸ் இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஒற்றைத் தலைவலி போகும் என்று பி.எஃப்.ஓ.வை அடைக்கச் சொல்லி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்காகவே நடத்திய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

கலெக்டரேட்_பக்கம் | சேலம்

பணம் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய சிகிச்சைகள் நிறைய வருகின்றன. குடும்ப வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் இருக்கும் திட்ட கவுண்ட்டரில் உங்கள் சிகிச்சையின் முழுப் பெயரைச் சொல்லி, இதற்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். "ஹார்ட்டில் ஓட்டை" என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களும் மொட்டையாகத்தான் பதில் சொல்வார்கள், ஏ.எஸ்.டி.க்கு ஒரு பதில், பி.எஃப்.ஓ.வுக்கு ஒரு பதில் வரலாம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் "பிறவிக் குறை" என்று நிராகரித்தால் உடனே திரும்பி வராதீர்கள். உள்ளுறுப்புக் குறை வேறு, வெளியே தெரியும் குறை வேறு, பாலிசியில் எது விலக்கு என்று எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். என் அண்ணனுக்கு இரண்டாம் முறை எழுதிக் கேட்ட பிறகுதான் பணம் வந்தது.

தறிச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி, இரண்டு மாதம் கழித்து வருகிறேன். அன்றைக்கு மறுநாளே கால் கதையை நரம்பியல் டாக்டரிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை அன்றே சொல்லியிருந்தால் அன்றே காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்திருப்பேனே" என்றார். இப்போது எடுத்ததில் கட்டி எதுவும் இல்லை, மூன்று மாதம் ஆகிவிட்டதே. அப்புறம் அவரும் இதய டாக்டரும் போனில் பேசி, இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நான் எதிர்பார்த்தது அதைத்தான், ஆளுக்கு ஒன்றாகச் சொல்லாமல் சேர்ந்து ஒன்று சொன்னால் போதும் என்றிருந்தது.

குமிழி டெஸ்ட்டை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை பயம் இல்லாமல் கவனித்தேன். நர்ஸ் இரண்டு சிரிஞ்சை எதிரெதிராக மாட்டி, உப்புத் தண்ணீரை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அடித்து நுரைக்க வைக்கிறார், டீ ஆற்றுவது மாதிரி. அதைக் கை நரம்பில் ஏற்றியதும் திரையில் வலப்பக்கம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளையாகிறது. டாக்டர், "மலச்சிக்கலுக்கு முக்குவது மாதிரி முக்குங்க, இப்போ விடுங்க" என்கிறார். விட்ட உடனே இடப்பக்கம் புள்ளி புள்ளியாக வெள்ளை சிதறியது. இருபதுக்கு மேல் எண்ணினார்கள். தினம் பீம் தூக்கும்போதெல்லாம் உள்ளே இதுதான் நடந்திருக்கிறது என்று என் கண்ணாலேயே பார்த்த பிறகு, அம்மாவிடம் சொல்லப் பெரிய வாதம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த வீடியோவை போனில் காட்டினேன். "அந்தப் பொட்டெல்லாம் தாண்டுதா" என்று கேட்டார், அவ்வளவுதான்.

போன மாதம் அடைத்தாகிவிட்டது. துடிப்பு இரண்டு நாள் தாறுமாறாக இருந்தது, மாத்திரையில் அடங்கியது. ஆஸ்பிரின் என்னுடைய விஷயத்தில் ஆறு மாதத்தோடு நிற்காது, தொடரச் சொல்வார்கள் போலிருக்கிறது. பீம் தூக்கப் பக்கத்துத் தறிக்காரர் மகன் வருகிறான், ஒரு பீமுக்கு ஒரு தட்டுவடை செட் என்று பேச்சு. சிகரெட் விட்டு நாற்பத்தொரு நாள்.

காப்பித்தோட்டம்

சந்தோஷம் அண்ணா. டிவைஸ் கார்டு கொடுத்திருப்பார்கள், அதை லேமினேட் செய்து மணிபர்ஸில் வையுங்கள், போனிலும் ஒரு படம். நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நான் தொலைத்துவிட்டு, பழைய ஃபைல் தேடி எடுத்துத் தர ஆஸ்பத்திரியில் நாலு நாள் அலைய விட்டார்கள்.

தறிச்சத்தம்

கார்டு எங்கே என்று இப்போதுதான் தேடுகிறேன். மருந்துச் சீட்டோடு மெடிக்கல் கடையில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.